தெருவிலிருந்து வீடு வரை: ஆதரவற்ற நாய்களையும் பூனைகளையும் மீட்டு, பராமரித்து, தத்துக் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குட்டி கத்துவதைக் கேட்டால் கை தானாக நீளும். நீளவும் வேண்டும். ஆனால் தூக்கிய பிறகு வரப்போகும் எட்டு வாரங்களை யோசிக்காமல் தூக்கிவிட்டு, மூன்றாம் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பவர்களின் அழைப்புகள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. மீட்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அதற்குள் பிடிப்பது, நோய் பரவாமல் தனித்து வைப்பது, உடம்பைத் தேற்றுவது, மனிதரோடு பழக்குவது, கருத்தடை செய்விப்பது, பொருத்தமான வீட்டைத் தேடி ஒப்படைப்பது, ஒப்படைத்த பின்னும் சில மாதங்கள் விசாரித்துக்கொண்டிருப்பது என்று பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் எந்த ஒன்று அறுந்தாலும் அந்த உயிர் திரும்பவும் தெருவுக்கே வந்து சேரும். என் வீட்டின் ஓர் அறையை நான் பல வருடங்களாக இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த அறையில் கற்றுக்கொண்டவற்றை, வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

தூக்கும் முன்

முதலில், அந்த உயிருக்கு உண்மையில் மீட்பு தேவையா என்று பாருங்கள். புதர் மறைவில் நான்கு பூனைக்குட்டிகள் தனியாகக் கிடப்பதாலேயே அவை தாயில்லாதவை என்று முடிவு செய்துவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கலாம். நீங்கள் பக்கத்தில் நிற்பதாலேயே வராமல் ஒளிந்தும் இருக்கலாம். குட்டிகள் சுத்தமாக, வயிறு நிரம்பி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்கினால் தாய் வந்துபோகிறது என்று கொள்ளலாம். உடம்பெல்லாம் அழுக்கு, வயிறு ஒட்டிக் கிடக்கிறது, விடாமல் கத்துகின்றன, தொட்டால் சில்லென்றிருக்கின்றன என்றால் காத்திருக்க நேரமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், குட்டிகளைச் சுற்றித் தரையில் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டு விலகிப் போய், சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். தாய் வந்திருந்தால் அதன் காலடி மாவில் பதிந்திருக்கும். எவ்வளவு கவனமாகப் புட்டிப்பால் கொடுத்தாலும் நம் கை ஒரு தாய்க்கு ஈடாகாது என்பதால், தாய் இருக்கும் குட்டிகளைத் தாயோடு சேர்த்தே காப்பாற்றுவதுதான் சரி. இடம் ஆபத்தில்லாதது என்றால் குட்டிகள் தாமாகச் சாப்பிடும் வயது வரை அங்கேயே விட்டு, தாய்க்கு உணவும் தண்ணீரும் வைத்தால் போதும். இடம் ஆபத்தானது என்றால் தாயையும் சேர்த்துப் பிடியுங்கள்.

அடுத்து, அது யாருடைய பிள்ளையோ என்று விசாரியுங்கள். காணாமல் போய் மூன்று வாரம் அலைந்த வளர்ப்பு நாய், பார்வைக்குப் பிறவித் தெருநாயைப் போலத்தான் மெலிந்து அழுக்காக இருக்கும். கழுத்தில் பட்டை பதிந்த தடம் இருக்கிறதா, கை தூக்கினால் உட்காருகிறதா என்று கவனியுங்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், வளர்ப்பவர் யார் என்று கண்டறிய உதவும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். அரிசி மணி அளவே இருக்கும் அந்தச் சிப், தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும்; சில நேரம் முன்னங்கால் பக்கமாக நகர்ந்திருக்கும் என்பதால் உடம்பு முழுவதும் தேடச் சொல்வது நல்லது. கண்டெடுத்த செய்தியைப் படத்தோடு பரப்பும்போது ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருக்கும் வெள்ளைப் புள்ளியையோ வாலின் வளைவையோ உரிமை கோருபவரே சொல்லட்டும். கண்டெடுத்த விலங்கை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு உங்கள் பகுதியில் விதி இருக்கக்கூடும். அதை முதல் நாளே கேட்டறிந்து கொள்ளுங்கள்.

மனிதரைக் கண்டாலே ஓடும் வளர்ந்த பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்து அடைப்பது பெரும்பாலும் அதற்குச் செய்யும் கொடுமை. அப்படிப்பட்ட பூனையைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பழகிய இடத்திலேயே திரும்ப விட்டு, தினமும் உணவு வைப்பதே அதற்கான மீட்பு. ஒரு காதின் நுனி நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தால் அதற்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள்; மறுபடி பிடித்து அலைக்கழிக்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கொள்ளளவு. கதவு சாத்தக்கூடிய ஒரு தனி அறை, மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் பணம், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பார்த்துக்கொள்ள ஒருவர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை உயிர்களைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதை மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் எண்ணாக எழுதி வையுங்கள். குட்டி கண்ணெதிரே கத்தும்போது எடுக்கும் முடிவில் அந்த எண் நிற்காது. எழுதி வைத்திருந்தால் ஓரளவு நிற்கும். எண்ணைத் தாண்டியவர்களின் வீடுகளில் நோய் வேகமாகப் பரவியதையும், காப்பாற்ற வந்தவரே நிராதரவாகிப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிடிப்பதும் கொண்டுவருவதும்

பயந்த நாயைத் துரத்தினால் அது சாலைக்குத்தான் ஓடும். நேராகப் பார்க்காமல், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தரையில் உட்கார்ந்து, மணமுள்ள உணவைச் சிறு துண்டுகளாக உங்களை நோக்கி நெருங்கும் வரிசையில் வையுங்கள். ஒரே நாளில் முடியாமல் போகலாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்தால் நான்காம் ஐந்தாம் நாளில் அது உங்களுக்காகக் காத்திருக்கும். கழுத்தில் போட்டதும் இறுகும் சுருக்கு வார் பாதுகாப்பானது. சாதாரணப் பட்டையிலிருந்து பயந்த நாய் பின்னால் இழுத்து ஒரு நொடியில் நழுவிவிடும். அடிபட்ட நாய் வலியில் கடிக்கும் என்பதால் மெல்லிய துணியால் வாயைக் கட்டலாம். ஆனால் வாந்தி எடுக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் கட்டக் கூடாது.

பூனையைக் கைகளில் ஏந்திக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். எவ்வளவு சாதுவான பூனையும் ஒரு வண்டிச் சத்தத்தில் திமிறி ஓடிவிடும். கூண்டுப்பொறி வைப்பதென்றால் முந்தைய நாளிலிருந்தே அந்தப் பகுதியில் வேறு யாரும் உணவு வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொறியை விட்டு நீங்கிப் போகாதீர்கள். பூனை உள்ளே சிக்கியதும் கூண்டை ஒரு கனமான துணியால் மூடிவிட்டால், முட்டி மோதிக்கொண்டிருந்தது சில நொடிகளில் அடங்கிவிடும். பெண் பூனை என்றால் முலைக்காம்புகளைப் பாருங்கள். சுற்றிலும் ரோமம் உதிர்ந்து ஈரமாக இருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன.

இந்த வேலையில் கடி படாமல் இருக்க முடியாது. மனிதர்களுக்கு ஏற்படும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்களிடமிருந்தே வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. எனவே தொடர்ந்து இதில் ஈடுபடப் போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முன்பே ஊசி போட்டவர்களும் போக வேண்டும். குட்டி சிறியதுதானே, பல் ஆழமாகப் படவில்லையே என்று எண்ணி ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். கடித்த நாயையோ பூனையையோ விட்டுவிடாமல் 10 நாள் தனித்து வைத்துக் கவனிக்க வேண்டும்.

முதல் நாள்

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டத் தோன்றும், அது காத்திருக்கலாம். முதலில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்து, விரலால் அழுத்தி எடுத்ததும் 2 நொடிக்குள் நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் சீராக இருக்கிறது. ஈறு வெளிறியோ, மஞ்சளாகவோ, நீலம் பாய்ந்தோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வளர்ந்த நாய், பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மனிதரைவிட அதிகம் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள். வால் அடியிலும் காது மடலுக்குள்ளும் காயம் இருக்கிறதா என்று ரோமத்தை விலக்கிப் பாருங்கள். புழு வைத்த காயம் வெளியே சிறு துளையாகத் தெரியும். உள்ளே கை நுழையும் அளவுக்குக் குழிந்திருக்கும். நாயின் பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் சொட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். அது தெருநாய்களிடையே இணைசேரும்போது தொற்றும் கட்டியாக இருக்கலாம். வாரம் ஒருமுறை போடும் வின்கிரிஸ்டின் ஊசியால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும்.

எலும்பும் தோலுமாய் வந்த விலங்குக்கு ஆசை தீரக் கொடுத்துவிடாதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு இறங்கினால், ரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சரிந்து, சாப்பிட ஆரம்பித்த பிறகே இறந்துபோகும் ஆபத்து உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பலமுறை கொடுத்து, ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். இதற்கு நேர்மாறான ஆபத்து பூனைக்கு உண்டு: இரண்டு மூன்று நாள் எதுவும் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகச் சற்றுப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பயத்தில் சாப்பிடவில்லை, தானாகச் சாப்பிடும் என்று மூன்றாம் நாளும் காத்திருக்கக் கூடாது.

மனிதர் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் ஒரே மாத்திரையிலேயே பூனையைக் கொன்றுவிடக்கூடும். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரினும் பூனைக்கு விஷம். நாயையும் பூனையையும் சேர்த்துப் பராமரிப்பவர்கள் மருந்துப் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும்.

தாயில்லாத பால்குட்டிகள்

மீட்பில் மிகக் கடினமானதும், மிக அதிகமாகத் தவறு நடப்பதும் இங்கேதான். முதலில் வயதைக் கணியுங்கள். பூனைக்குட்டி கண் திறக்காமல் இருந்தால் பெரும்பாலும் 10 நாளுக்குள். கண் திறந்தும் நிற்கத் தடுமாறினால் இரண்டாவது வாரம். முன்பற்கள் முளைவிட்டு, தள்ளாடி நடந்தால் மூன்றாவது வாரம். பிறந்த பூனைக்குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். தினமும் 10 முதல் 15 கிராம் வரை ஏற வேண்டும். நாய்க்குட்டிகளின் எடை இனத்துக்கு இனம் மாறும் என்றாலும், பிறந்த எடை 10 நாள் வாக்கில் இரு மடங்காக வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் பல உயிர்கள் பிழைக்கும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போன குட்டியின் குடல் வேலை செய்யாது. கொடுத்த பால் வயிற்றிலேயே தங்கும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருமுறை என்னிடம் 94 கிராம் எடையுள்ள ஒரு குட்டி வந்தது. சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்தபோது, உள்ளங்கையில் இருப்பது கூழாங்கல்லோ என்று எண்ணும்படி வாயின் உள்புறமே குளிர்ந்திருந்தது. பாட்டிலை எடுக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு, குட்டியைத் துணியில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்ட வைத்து உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து அது தலையைத் தூக்கி, என் பொத்தானை முகர்ந்து சப்பப் பார்த்தது. அப்போதுதான் பால் கொடுத்தேன். சூடேற்றுவது இப்படி மெதுவாகத்தான் நடக்க வேண்டும். அவசரப்பட்டு நேரடியாகச் சூடான பாட்டில்மேல் வைத்தால் தோல் வெந்துவிடும். பிறகும் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும், துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை வையுங்கள். வெப்பம் அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபாதி வேண்டும். முதல் வாரத்தில் குட்டி படுக்கும் இடம் 30 டிகிரி அளவுக்கு இருக்கட்டும்.

மாட்டுப்பால் போதாது, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் தனித்தனியாகத் தயாரிக்கப்பட்ட பால்மாவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குட்டியை வயிறு கீழிருக்க, தாயிடம் குடிக்கும் நிலையில் வைத்தே ஊட்ட வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சிரிஞ்சால் கொடுப்பவர்கள் பீய்ச்சாமல், சொட்டுச் சொட்டாக, குட்டி விழுங்கும் வேகத்துக்கு விட வேண்டும். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்குச் சுமார் 4 மில்லி என்ற அளவைத் தாண்டாதீர்கள். முதல் வாரத்தில் இரவும் பகலும் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதன்பின் இடைவெளியை மெல்ல நீட்டலாம். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெதுவாகத் தடவிச் சிறுநீரும் மலமும் வெளியேறச் செய்ய வேண்டும். மூன்று வாரம் வரை குட்டிகளுக்குத் தாமாகப் போகத் தெரியாது. தாய் நாக்கால் நக்குவது இதற்காகத்தான்.

கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்றும் ஒரு நோட்டுப் புத்தகமும் இந்த வாரங்களில் மருந்துப் பெட்டியைவிட முக்கியம். மேலே சொன்ன குட்டியின் பக்கத்தில் 94, 101, 112, 109 என்று எழுதியிருக்கிறேன். நான்காம் நாள் காலையில் அது நன்றாகவே பால் குடித்தது. குறைந்த அந்த 3 கிராம் மட்டுமே ஏதோ சரியில்லை என்று சொன்னது. மாலையில் வயிற்றுப்போக்கு தொடங்குவதற்குள் மருத்துவரிடம் காட்டிவிட்டிருந்தோம். ஒரு நாள் எடை ஏறாமல் நின்றாலே கவனியுங்கள், குறைந்தால் காத்திருக்காதீர்கள். நான்காவது வாரத்தில் பால் கலந்த மென்மையான உணவைத் தட்டில் காட்டத் தொடங்கலாம்.

14 நாள் தனிமை

புதிதாக வந்த எந்த விலங்கையும், பார்வைக்கு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும், வீட்டிலுள்ள மற்றவற்றோடு இரண்டு வாரம் சேர்க்கக் கூடாது. தனி அறை, தனித் தட்டுகள், தனி விரிப்பு, அந்த அறைக்கு மட்டுமான செருப்பும் மேலுடையும் வேண்டும். ஆரோக்கியமானவற்றை முதலில் கவனித்துவிட்டு, புதியதைக் கடைசியாகப் பாருங்கள்.

இந்த விதியை நான் ஒருமுறை மீறினேன். கொழுகொழுவென்று வந்த ஒரு பூனைக்குட்டி தனியறையில் இரவெல்லாம் அழுதது. ஐந்தாம் நாள் மனம் கேட்காமல், தடுப்பூசி இன்னும் முடியாத மூன்று குட்டிகளோடு அதைச் சேர்த்துவிட்டேன். ஏழாம் நாள் அது வாந்தி எடுத்தது, பரிசோதனையில் பான்லூக்கோபீனியா என்ற, பூனைகளைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய் என்று தெரிந்தது. அந்த மூன்றில் இரண்டு பிழைக்கவில்லை. அதன்பின் எந்த அழுகைக்கும் நான் 14 நாளைக் குறைத்ததில்லை. அழும் குட்டியின் அறையில் போய் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

பான்லூக்கோபீனியாவும் நாய்களின் பார்வோவும் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள். பார்வோ 1978இல்தான் உலகெங்கும் நாய்களிடையே பரவியது. பூனை வைரஸை ஒத்த ஒன்றிலிருந்து தோன்றி நாய்க்கு ஏற்றபடி மாறியது என்பது அறிவியலாளர் கருத்து. இரண்டுமே தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சாதாரணத் தரை துடைப்பானுக்குச் சாகாது. முதலில் அழுக்கை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு அலசி உலர்த்த வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய ப்ளீச் வேலை செய்யாது. வேறு சுத்திகரிப்புத் திரவத்தோடும் அதைக் கலக்கக் கூடாது.

மனிதருக்கும் சில நோய்கள் தொற்றும். வட்டமாக ரோமம் உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் பூனையின் மலப்பெட்டியைச் சுத்தம் செய்வதைத் தவிர்ப்பது நல்லது; வேறு ஒருவர் அதைத் தினமும் செய்துவிட்டால், மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைவதற்கு முன்பே வெளியேறிவிடும்.

ஊசி, குடற்புழு நீக்கம், கருத்தடை

குடற்புழு மருந்து நாய்க்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலும் பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலும் தொடங்கி, இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகிறது. எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் குறைந்தது 16 வாரம் வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் ஊசியின் பலனைத் தடுத்துக்கொண்டே இருக்கும், அது எப்போது மறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் இத்தனை முறை. ரேபிஸ் ஊசி பொதுவாக 3 மாதத்தில் போடப்படுகிறது.

கருத்தடை செய்யாமல் தத்துக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. பெண் பூனை 4 மாதத்திலேயே சினைப்படக்கூடும். கர்ப்பம் ஏறக்குறைய 9 வாரம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். பிறகு செய்துவிடுகிறேன் என்று நல்ல மனதோடு வாங்கிப் போனவர்களிடமிருந்து ஆறு மாதம் கழித்து ஐந்து குட்டிகளின் படம் வருவது எனக்குப் பழக்கப்பட்ட செய்தி. பயிற்சி பெற்ற மருத்துவர்கள் சுமார் 1 கிலோ எடை வந்த பூனைக்குட்டிக்கே பாதுகாப்பாகச் செய்கிறார்கள். அறுவைக்கு முன் வளர்ந்தவற்றைப் பட்டினி போடுவது போலக் குட்டியை இரவு முழுக்கப் பட்டினி போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். எத்தனை மணி நேரம் என்று கேட்டு, அதன்படி மட்டும் செய்யுங்கள்.

பழக்குதல்

பூனைக்குட்டிக்கு 2 முதல் 7 வாரம் வரையும், நாய்க்குட்டிக்கு 3 முதல் 12 வாரம் வரையும் உள்ள காலம் திரும்ப வராதது. அப்போது பார்த்த மனிதர், கேட்ட சத்தம், தொட்ட கைகள் எல்லாம் வாழ்நாள் முழுவதும் இயல்பானவையாகத் தோன்றும். எனவே தனிமைக் காலத்திலும் குட்டியைத் தினமும் கையிலெடுத்து, பாதத்தையும் காதையும் வாயையும் தொட்டு, வீட்டுச் சத்தங்களுக்குப் பழக்குங்கள். தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் இருந்து 8 வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். கடியின் அளவைக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்தவற்றிடம்தான்.

வளர்ந்த விலங்குக்குக் காலம் வேறு. கழுத்தில் கயிறு அறுத்த தழும்போடு வந்த ஒரு செம்பழுப்பு நாய், ஒன்பது நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தது. நான் தினமும் மாலையில் அந்த அறைத் தரையில், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாய்விட்டு எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். கையை நீட்டவில்லை, பெயர் சொல்லி அழைக்கவில்லை. பத்தாம் நாள் முழங்கையில் ஏதோ ஈரமாகப் பட்டது. திரும்பிப் பார்க்காமல் படித்துக்கொண்டே இருந்தேன். அன்று நான் திரும்பியிருந்தால் இன்னும் ஒரு வாரம் கூடியிருக்கும். அணுகும் உரிமையை விலங்கிடமே விட்டுவிடுவதைவிடச் சிறந்த பழக்குமுறை எனக்குத் தெரியாது.

வீடு தேடுதல்

கூண்டுக்குள் ஒடுங்கியிருக்கும் படம் இரக்கத்தைத்தான் வரவழைக்கும். கண் மட்டத்தில், பகல் வெளிச்சத்தில், விலங்கு இயல்பாக இருக்கும்போது எடுத்த படமே வீட்டைக் கொண்டுவரும். குறிப்பில் உண்மையை மட்டும் எழுதுங்கள். தனியே விட்டால் கதவைச் சுரண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். மறைத்த குறை, ஒப்படைத்த மூன்றாம் நாளே தெரிந்துவிடும்; எழுதிய குறையோ அதைச் சமாளிக்கத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டுவரும்.

விரும்பி வருபவரிடம் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்காதீர்கள். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும், இதற்கு முன் வளர்த்தது என்ன ஆனது, வீடு மாற நேர்ந்தால் என்ன செய்வீர்கள், வீட்டில் யாருக்கு இதில் தயக்கம் என்று கேட்டுவிட்டு, அவர் பேசுவதைக் கேளுங்கள். இயன்றால் வீட்டைப் போய்ப் பாருங்கள். பூனைக்கு ஜன்னல் வலையும் மாடியின் திறந்த விளிம்பும், நாய்க்கு வேலியின் அடிப்பகுதியும் பார்க்க வேண்டியவை. அதே சமயம், குறையில்லாத வீடு கிடைக்கும் வரை எல்லோரையும் திருப்பி அனுப்பும் பழக்கமும் தவறு என்றே கருதுகிறேன். வாடகை வீட்டில் இருப்பவர், வேலைக்குப் போகிறவர், முதல்முறை வளர்ப்பவர் என்று ஒவ்வொருவரையும் தள்ளினால், அறை நிரம்பியே கிடக்கும். தெருவில் அடுத்த குட்டிக்கு இடம் இருக்காது. பொருத்தம்தான் முக்கியம்: ஓயாமல் ஓடும் இளநாயை முதியவர் தனியாக வாழும் வீட்டுக்கும், ஒற்றைப் பூனைக்குட்டியை ஆளில்லாத வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். குட்டிகளை இரண்டாகக் கொடுத்தால் ஒன்றுக்கொன்று துணையாகும்.

எந்தக் கேள்விக்கும் நிற்காமல், இன்றே வேண்டும் என்று வற்புறுத்துபவரிடம் கொடுக்காதீர்கள். இலவசம் என்று அறிவித்தால் கெட்ட நோக்கத்தோடு சேகரிப்பவர்களும் வருவார்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் தடுப்பூசி விவரம், மைக்ரோசிப் எண் ஆகியவற்றோடு ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: எந்தக் காரணத்தாலும், எத்தனை வருடம் கழித்தும் வளர்க்க முடியாமல் போனால், விலங்கு உங்களிடமே திரும்பி வர வேண்டும்.

ஒப்படைத்த பின்

மீட்ட விலங்குகள் அதிகம் தொலைவது புது வீட்டின் முதல் சில நாட்களில்தான். நாயை வேலி உள்ள இடத்திலும் வாரோடு மட்டுமே வெளியே விடவும், பூனையை முதலில் ஒரே ஓர் அறையில் மறைவிடத்தோடு வைக்கவும் சொல்லுங்கள். சிப்பின் பதிவில் புதிய வளர்ப்பவரின் தொலைபேசி எண்ணை மாற்றுவதை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்; எண் மாறாத சிப்பால் பயனில்லை. பழக்கத்தில் ஒரு கணக்கு சொல்வதுண்டு: அச்சம் தணிய 3 நாள், வீட்டின் நடைமுறை புரிய 3 வாரம், தன் வீடு என்று உணர 3 மாதம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், இரண்டாம் நாள் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வராத பூனைக்காக யாரும் பதறித் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், முகத்துக்கு முகம் காட்டுவதற்கு முன் விரிப்புகளை மாற்றி மணத்தைப் பழக்கி, மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாளும், மூன்றாம் வாரமும், மூன்றாம் மாதமும் நீங்களே அழைத்து விசாரியுங்கள். திரும்பி வந்தால் வளர்த்தவரைக் குற்றவாளியாக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அடுத்த முறை உங்களிடம் கொண்டுவராமல் தெருவில் விட்டுவிடுவார். என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த குறிப்பு அதனால் இன்னும் உண்மையாகும்.

ஒப்படைத்த அன்று இரவு அறை வெறுமையாக இருக்கும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அன்று சாப்பாடு இறங்குவதில்லை. மறுநாள் காலை விரிப்புகளைச் சூடான நீரில் துவைக்கிறேன், தட்டுகளைக் கழுவுகிறேன், சுவரின் அடிப்பகுதி வரை ப்ளீச் நீர் தெளித்து 10 நிமிடம் காத்திருந்து அலசுகிறேன், நோட்டுப் புத்தகத்தில் கடைசி எடையை எழுதி, கீழே கோடு போடுகிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து, தரை முழுக்கக் காய்ந்த பிறகே, அடுத்து அழைத்தவருக்கு அறை காலியாக இருக்கிறது என்று பதில் சொல்கிறேன்.